சிமெண்ட் தரைக்கு நிறமும் கோலமும் நம் கையாலே
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். வீடு, மாடு, ரெண்டு பிள்ளைகள், மாமியார், இதுதான் என் உலகம். மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கமில்லை. "உன் வீட்டு வாசலைப் பார்த்துட்டுப் போறவங்க எல்லாம் எங்கிட்ட வந்து கேக்குறாங்க, அதை நீயே மேடையில சொல்லிடு"ன்னு தலைவி அக்கா சொன்னதால வந்து நிற்கிறேன். அதனால நான் பேசப் போறது தரையைப் பத்தி. நம்ம காலுக்குக் கீழ இருக்கிற சிமெண்ட் தரையைப் பத்தி.

நம்மள்ல நிறைய பேர் வீடு தொகுப்பு வீடு. தவணை தவணையா வந்த பணம் கூரை போடுறதுக்குள்ள தீர்ந்து போயிடும். பூச்சு வேலை பாதி, தரை அப்படியே கொத்துத் தரையா நிக்கும். பெருக்கப் பெருக்க மண்ணு வரும். அப்புறம் பொண்ணு பெரியவளாயிடும், "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தா தரையைத்தான் முதல்ல பார்ப்பாங்க"ன்னு ஒரு பேச்சு வரும். உடனே டைல்ஸ். டைல்ஸுக்குக் கடன். எங்க குழுக் கூட்டத்துல கடன் கேட்கிறப்போ நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், ஆடு வாங்கன்னு எழுதிக் கொடுத்த பணம் கடைசியில டைல்ஸ் கடைக்குப் போயிருக்கும். ஆடு குட்டி போடும். டைல்ஸ் குட்டி போடாது. ஆனா வட்டி மட்டும் ரெண்டுக்கும் ஒரே வட்டிதான்.

டைல்ஸ் போடவே கூடாதுன்னு நான் சொல்ல வரலை. கையில காசு இருக்கிறவங்க போடட்டும். கடன் வாங்கித்தான் போடணும்ங்கிற நிலைமையில இருக்கிறவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு, அந்த வழி நம்ம கையிலேயே இருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்க அம்மா சித்தாளா வேலைக்குப் போனவங்க. இருபது வருஷத்துக்கு மேல சாந்துச் சட்டி சுமந்தவங்க. கலவைக்கு எவ்வளவு தண்ணி, எந்த மணல் சலிக்கணும், எப்போ பூச்சு இறுகும், எப்போ தேய்க்கணும் எல்லாம் அவங்களுக்குத் தெரியும். கொத்தனாருக்குக் கை ஓயுற நேரத்துல மட்டக்கோலைப் பிடிச்சு இழுத்து விடுறதும் அவங்கதான். ஆனா ஒருநாள்கூட அவங்க கையில கரணையைக் கொடுத்து "நீ பூசு"ன்னு யாரும் சொன்னதில்லை. கொத்தனார் கூலிக்கும் சித்தாள் கூலிக்கும் எவ்வளவு வித்தியாசம்னு இங்க உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்க வீட்டுத் தரை போடும்போதுதான் அம்மா முதல்முதலா கரணையைப் பிடிச்சாங்க. பக்கத்துல நின்னு நான் கத்துக்கிட்டேன்.

சிவப்புத் தரை

நம்ம ஊர்ப் பழைய வீடுகள்ல சிவப்புத் தரை பார்த்திருப்பீங்க. மத்தியானம் அதுல படுத்தா உடம்பு குளுகுளுன்னு இருக்கும். அந்த சிவப்பு எங்கிருந்து வருதுன்னா, ரெட் ஆக்சைடு பொடியில இருந்து. அது இரும்பு ஆக்சைடு. இரும்பு துருப்பிடிச்சா வருதே ஒரு நிறம், அதே குடும்பம். ஏற்கெனவே துருப்பிடிச்ச பொருளை வெயில் என்ன செய்யும்? அதனாலதான் எத்தனை வருஷம் ஆனாலும் வெளுக்கிறதில்லை. மஞ்சள் ஆக்சைடும் அப்படித்தான். கோலப்பொடியில கலக்கிற சாயம், துணிக்குப் போடுற சாயம் இதையெல்லாம் சிமெண்ட்ல கலக்காதீங்க. சிமெண்ட்ல இருக்கிற சுண்ணாம்புக் காரமும் வெயிலும் சேர்ந்து அதைச் சீக்கிரம் தின்னுடும்.

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடி கல்லு எல்லோருக்கும் தெரியும். அந்தப் பூப்போட்ட கல்லுகூட இதே வேலைதான். கண்ணாடித் தகடு மேல அச்சை வைச்சு, ஆக்சைடு கலந்த சிமெண்டை ஒவ்வொரு கட்டமா ஊத்தி, பின்னால சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணித் தொட்டியில ஊறப் போட்டு எடுக்கிறாங்க. சூளையில சுடுறதில்லை. கண்ணாடி மேல ஊத்துறதால அந்த மினுமினுப்பு வருது. செட்டிநாட்டு மாளிகையில போட்டதும் சிமெண்டும் ஆக்சைடும்தான், நம்ம வீட்டுல போடப் போறதும் அதேதான்.

இப்போ அளவு சொல்றேன். எழுதிக்கிறவங்க எழுதிக்கோங்க.

பத்துக்குப் பத்து அறைன்னா 100 சதுர அடி. அடித்தரை கான்கிரீட்டை நல்லாக் கழுவி, முந்தின நாளே தண்ணி விட்டு நனைச்சு வைக்கணும். காலையில சிமெண்ட் பால் தடவி, அது காயுறதுக்குள்ள ஒரு பங்கு சிமெண்ட், நாலு பங்கு மணல் கலந்த கலவையை முக்கால் அங்குலம் போட்டு மட்டம் பண்ணணும். இது சாதாரணச் சாம்பல் நிறக் கலவை. இது இறுகிக்கிட்டு வரும்போதே, முழுசாக் காயுறதுக்கு முந்தி, மேல கால் அங்குலத்துக்குச் சிவப்புக் கலவை. ஒரு பங்கு சிமெண்ட், ரெண்டு பங்கு சலிச்ச பொடி மணல். 100 சதுர அடிக்கு மேல் பூச்சுக்கு மட்டும் சுமார் 35 கிலோ சிமெண்ட் பிடிக்கும்.

ஆக்சைடு எவ்வளவு? 100 கிலோ சிமெண்டுக்கு 5 கிலோவில் இருந்து 10 கிலோ வரைக்கும். நம்ம 35 கிலோவுக்கு 2 கிலோவில் இருந்து மூன்றரை கிலோ. அதுக்கு மேல போட்டா நிறம் பெரிசாக் கூடாது, தரையோட பலம்தான் குறையும். சிவப்பும் கறுப்பும் சாதாரண சிமெண்ட்லயே நல்லா வரும். மஞ்சளோ பச்சையோ வேணும்னா வெள்ளை சிமெண்ட் வேணும், இல்லேன்னா நிறம் சேறு மாதிரி மங்கிப் போகும்.

எங்க அம்மா கண்டிப்பாச் சொல்றது ஒண்ணு. சிமெண்டையும் ஆக்சைடையும் தண்ணி ஊத்துறதுக்கு முந்தியே காய்ஞ்சதுல கலந்து, ரெண்டு தடவை சல்லடையில சலிக்கணும். கைப்பிடிக் கணக்கு வேண்டாம், தராசுல நிறுத்துப் போடணும். ஒரு அறைக்கு வேண்டியதை மொத்தமாக் கலந்து வைச்சுக்கிட்டு, வேண்டிய அளவு மட்டும் எடுத்துத் தண்ணி ஊத்தணும். இன்னிக்குப் பாதி நாளைக்குப் பாதின்னு கலந்தா ஒரு பக்கம் செங்கல் நிறம், ஒரு பக்கம் குங்கும நிறமா நிக்கும். தண்ணியும் அளந்து ஊத்தணும். தண்ணி கூடினா வேலை சுலபமா இருக்கும், ஆனா பின்னாடி தலைமுடி மாதிரி வெடிப்பு ஓடும்.

பொடி நல்லதான்னு சந்தேகமா இருந்தா, முதல்ல ஒரு கைப்பிடி கலந்து ரெண்டு வில்லை தட்டுங்க. ஒண்ணை வீட்டுக்குள்ள வையுங்க, ஒண்ணை மொட்டை வெயில்ல வையுங்க. ஒரு மாசம் கழிச்சு ரெண்டையும் சேர்த்து வைச்சுப் பார்த்தாத் தெரிஞ்சு போகும். ஈரத்துல இருக்கும்போது நிறம் அடர்த்தியாத் தெரியும், காய்ஞ்சா ஒரு படி குறையும். அதையும் அந்த வில்லையிலயே பார்த்துக்கலாம்.

உள்பக்கச் சுவர்ல இருந்து ஆரம்பிச்சு வாசப்படியைப் பார்த்து வரணும். முதல்ல மணியாசுக்கட்டை, அப்புறம் கரணை. மேல தண்ணி மினுங்குற வரைக்கும் கரணையை வைக்கக் கூடாது. தண்ணி மினுங்குதேன்னு காய்ஞ்ச சிமெண்டைத் தூவுறவங்க இருக்காங்க. அப்படித் தூவினது பின்னாடி செதில் செதிலா உரியும். தண்ணி இழுத்த பிறகு ஒரு தேய்ப்பு, கொஞ்சம் இறுகின பிறகு ஒரு தேய்ப்பு, விரல் வைச்சா பதியாத பக்குவத்துல அழுத்தி ஒரு தேய்ப்பு. மூணாவது தேய்ப்புலதான் அந்தப் பளபளப்பு வரும்.

நாலடிக்கு நாலடி கோடு கிழிச்சுக் கட்டம் பிரிக்கணும். சிமெண்ட் காயும்போது சுருங்கும். நாம கோடு போட்டுக் கொடுத்தா அந்தக் கோட்டுலயே வெடிச்சுக்கும், கண்ணுக்குத் தெரியாது. நாம போடலைன்னா அது இஷ்டத்துக்கு ஒரு கோடு போட்டுக்கும்.

மறுநாள்ல இருந்து குறைஞ்சது 7 நாள் தண்ணி நிக்கணும். வாசப்படியில மணல் வரப்பு கட்டி தண்ணி நிறுத்தினா நல்லது. சாக்கு போட்டு நனைக்கிறவங்க உண்டு, புதுச் சிவப்புத் தரையில சாக்குக் கறை இறங்கும். பாதி ஈரம் பாதி காய்ச்சல்னு விட்டா வெள்ளை வெள்ளையா உப்புப் பூக்கும். சிமெண்ட்ல இருக்கிற சுண்ணாம்பு தண்ணியோட மேல வந்து படியறதுதான் அது. நல்லாக் காய்ஞ்ச பிறகு தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால துடைச்சுக்கிட்டே வந்தா வருஷம் ஏற ஏறத் தரை மெருகேறும். பாத்ரூம் ஆசிட் மட்டும் ஊத்தவே கூடாது. புளித்தண்ணி, எலுமிச்சை சிந்தினாகூட உடனே துடைச்சிடணும். புளிப்பு சிமெண்டை அரிக்கும்.

வாசலும் குளிக்கிற இடமும்

இது ரொம்ப முக்கியம். எங்க தெருவுல ஒரு அப்பத்தா, மகன் ஆசையாப் போட்டுக் கொடுத்த வழவழப்பான வாசல் டைல்ஸ்ல மழை நாள்ல வழுக்கி விழுந்தாங்க. இடுப்பு எலும்பு போச்சு. அதுக்குப் பிறகு அவங்க எழுந்து நடமாடவே இல்லை. அவங்களைத் தூக்கிக் குளிப்பாட்டுற மருமகளும் வேலைக்குப் போக முடியாமப் போச்சு. தரைங்கிறது அழகு மட்டும் இல்லை அக்கா. ஒரு குடும்பத்தோட வருமானமே அதுல வழுக்கிப் போகும்.

அதனால வாசல், திண்ணைப்படி, குளிக்கிற இடம், கழிப்பறை, மாட்டுக் கொட்டகை இந்த இடங்கள்ல மினுமினுப்பு வேண்டாம். சொரசொரப்பு வேணும். அதுக்குக் காசு செலவில்லை.

புதுத் தென்னந்துடைப்பத்தை நுனி சமமா வெட்டிக்கோங்க. தண்ணி இழுத்த பிறகு, விரல் வைச்சா தடம் விழணும், ஆனா விரல்ல ஒட்டக் கூடாது. அந்தப் பக்குவத்துல ஒரே இழுப்பா இழுத்தா நெல்லு நாத்து மாதிரி மெல்லிசுக் கோடு விழும். நடக்கிற பாதைக்குக் குறுக்கே இழுக்கணும், அப்போதான் கால் பிடிக்கும். மாட்டுக் கொட்டகைக்கும் சாய்வுப் பாதைக்கும் கயிற்றை அழுத்தி எடுத்தா ஆழமான கோடு கிடைக்கும். கோணிச் சாக்கை விரிச்சு மணியாசுக்கட்டையால தட்டி எடுத்தா பின்னல் பின்னலா அச்சு விழும். குளிக்கிற இடத்துக்கு நாலடிக்கு ஒரு அங்குலம் சாய்மானம் கொடுத்தா தண்ணி தேங்காது, பாசி பிடிக்காது.

இலை அச்சும் போடலாம். ஆமணக்கு இலை, அரச இலை, பூவரச இலை எதுவா இருந்தாலும் நரம்புப் பக்கம் கீழ இருக்கிற மாதிரி வைச்சு மெல்ல அழுத்தி விட்டுடுங்க. மறுநாள் இலையைப் பிரிச்சா நரம்பு நரம்பாப் பதிஞ்சிருக்கும். அந்தப் பள்ளத்துல மட்டும் நிறக் கலவையைத் தடவி, மேல ஈரத் துணியால துடைச்சு எடுத்தா இலை மட்டும் சிவப்பா நிக்கும்.

இனிக் கோலம். கூட்டம் கூடுறது இதுக்குத்தான்னு எனக்குத் தெரியும். வாசல் சிமெண்ட் ஈரச் செங்கல் பக்குவத்துக்கு வந்ததும், நூலைக் கோலப்பொடியில தோய்ச்சு இழுத்துக் கட்டி, நேர்கோடு அடிச்சு, புள்ளி குத்திக்கோங்க. ஒரு ஆணியாலயோ பழைய கரண்டிக் காம்பாலயோ கால் அங்குல ஆழத்துக்குக் கோலத்தைக் கீறுங்க. உதிர்ந்த பொடியைப் பிரஷ்ஷால தட்டி விடுங்க. மறுநாள் நனைச்சு, வெள்ளை சிமெண்டைக் கெட்டியாக் குழைச்சு அந்தக் கீறல்ல நிரப்பி, ஈரப் பஞ்சால துடைச்சா சிவப்பு மேல வெள்ளைக் கோலம் நிக்கும். கரைஞ்சு போகாது, மழையில அழியாது.

எங்க மாமியார் இதைப் பார்த்துட்டு, "ஏத்தா, தினமும் அரிசி மாவுல கோலம் போட்டா எறும்புக்கு ஒரு வாய் கிடைக்கும். நீ சிமெண்டைக் கொடுத்து அதை ஏமாத்துறியே"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டதுல நியாயம் இருக்கு. அதனால ஓரத்துக்கு மட்டும் சிமெண்ட் கோலம் போட்டு, நடுவுல மூணடிக்கு மூணடி வெறும் இடம் விட்டேன். மார்கழி வந்தா அந்த இடத்துல மாவுக்கோலம். இப்போ அவங்களும் காலையில அங்கதான் உட்கார்ந்து வெத்திலை போடுறாங்க.

பழைய தரை இருக்கிறவங்க

"எங்க வீட்டுல ஏற்கெனவே சிமெண்ட் தரை இருக்கே"ன்னு கேட்பீங்க. பழைய வழவழப்புத் தரை மேல அப்படியே புதுப் பூச்சு பிடிக்காது, தட்டினா டொப்பு டொப்புன்னு சத்தம் கேக்கும். அதைக் கொத்தி விட்டு, எண்ணெய்ப் பிசுக்கு, தூசி எல்லாம் கழுவி, நனைச்சு, சிமெண்ட் பால் தடவிய பிறகுதான் மேல போடணும். தரை கீழே இறங்கியிருந்தாலோ, கம்பி தெரிஞ்சாலோ, பெரிய வெடிப்பு இருந்தாலோ நிறம் போட்டு மறைக்காதீங்க. அது கொத்தனாரையும் இன்ஜினியரையும் கூப்பிட வேண்டிய வேலை. மொட்டை மாடி ஒழுகுறதும் அப்படித்தான்.

இன்னொண்ணு, கை. ஈர சிமெண்ட் கடுமையான காரம். ஒரு நாள் முழுக்க வெறுங்கையில குழைச்சா தோல் வெந்து புண்ணாகும். எங்க அம்மா கையை நீங்க பார்க்கணும், ரேகையே இல்லை. அதனால ரப்பர் கையுறை போடுங்க, காலுக்கு பூட்ஸ் இல்லேன்னா பிளாஸ்டிக் கவராவது கட்டுங்க. பொடி கலக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால கட்டிக்கோங்க. கண்ணுல தெறிச்சா தேய்க்காம நிறைய நல்ல தண்ணியில கழுவிக்கிட்டே இருக்கணும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். பிள்ளைகளை ஈரக் கலவை பக்கம் விடாதீங்க.

கூட்டமைப்புக்கு என் கோரிக்கை

நான் சொன்னதுல நமக்குத் தெரியாத வேலை எது இருக்கு? பதினஞ்சு புள்ளிக் கோலம் வளையாம வைக்கிறவளுக்கு மட்டம் பார்க்கத் தெரியாதா? சாணி மெழுகின கைக்கு எந்தப் பக்குவத்துல தேய்க்கணும்னு யாராவது சொல்லித் தரணுமா? இட்லி மாவுக்குத் தண்ணி விடுற கண்ணுக்குக் கலவை பதம் தெரியும். நம்மகிட்ட இல்லாதது கரணை ஒண்ணுதான்.

நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இது புதுசும் இல்லை. 1990களின் தொடக்கத்துல அறிவொளி இயக்கம் வந்தப்போ இந்த மாவட்டத்துப் பொம்பளைங்க ஆயிரக்கணக்குல சைக்கிள் கத்துக்கிட்டாங்க. அப்போ சிரிச்சவங்க எத்தனை பேரு. கல்லு உடைச்சுக்கிட்டு இருந்த பெண்கள் குழுவாச் சேர்ந்து கல்குவாரியையே குத்தகைக்கு எடுத்தாங்க. அவங்க மகள்களும் பேத்திகளும்தான் இங்க உட்கார்ந்திருக்கோம்.

அதனால கூட்டமைப்புக்கிட்ட நாலு விஷயம் கேட்கிறேன்.

முதலாவது, ஊராட்சிக்கு ஒரு செட் சாமான் பொதுவா வாங்கி வைக்கணும். கரணை, மணியாசுக்கட்டை, மட்டக்கோல், ரசமட்டம், சல்லடை, தராசு, பத்து ஜோடி கையுறை. தேவைப்படுறவங்க வாடகைக்கு எடுத்துட்டுப் போய்த் திருப்பிக் கொடுக்கட்டும்.

ரெண்டாவது, ஆக்சைடையும் வெள்ளை சிமெண்டையும் சில்லறையா வாங்காம மொத்தமா வாங்கி குழுக்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கணும்.

மூணாவது, வீட்டு வேலைக்குக் கடன் கேட்டு வர்ற சகோதரிக்கு ரெண்டு கணக்கையும் எழுதிக் காட்டணும். டைல்ஸ் போட்டா கல்லு விலை, ஒட்டுற கலவை, கூலி எவ்வளவு. சிவப்புத் தரை போட்டா சிமெண்ட், மணல், ஆக்சைடு, கூலி எவ்வளவு. நம்ம ஊர்க் கடை விலையைப் போட்டு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கணும். அதுக்குப் பிறகு அவங்க எதை எடுக்கிறாங்களோ அது அவங்க இஷ்டம்.

நாலாவது, இதுதான் எனக்குப் பெரிசு. ஊருக்கு நாலு பேராவது இந்த வேலையை முழுசாக் கத்துக்கணும். அங்கன்வாடி, கழிப்பறை, பள்ளிக்கூடத் திண்ணைன்னு நம்ம ஊராட்சியில வர்ற சின்னச் சின்னத் தரை வேலையை நம்ம குழு எடுத்துச் செய்யணும். சித்தாளா இல்லை, பூசுற ஆளா. அப்படி வேலைக்குப் போறவங்க தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்துல பதிவு பண்ணிக்கணும். 18 வயசுல இருந்து 60 வயசு வரைக்கும் பதியலாம். எங்க அம்மா பதியவே இல்லை. பதியலாம்னு அவங்களுக்கு யாரும் சொல்லலை. உங்க வீட்டுல சித்தாள் வேலைக்குப் போறவங்க இருந்தா இன்னிக்கே வீட்டுக்குப் போய்க் கேளுங்க, "பதிஞ்சிருக்கியா"ன்னு.

அடுத்த மாசக் கூட்டத்துக்கு ஒரு மாதிரிப் பலகை கொண்டு வர்றேன். சிவப்பு, மஞ்சள், கறுப்பு, துடைப்பக் கோடு, சாக்கு அச்சு, இலை அச்சு எல்லாம் ஒவ்வொரு கட்டமாப் போட்டிருக்கேன். தொட்டுப் பாருங்க, ஈரக் காலை வைச்சுப் பாருங்க. எங்க அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன். கலவை பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் அவங்ககிட்டயே கேட்டுக்கலாம்.